எண்ணெய் ஊற்றாத குட்டை

துரைசானி பினாங்குக்குக் கிளம்பிய காலையில், புல்லுவெட்டு கேங்கில் இருந்த என்னைக் கூப்பிட்டாள். பங்களா ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டி, ஒரு விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "ஜாங்ஙான் மாத்தி" என்றாள். சாகக் கூடாது என்று அர்த்தம். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை மலாயில்தான் எங்கள் பேச்சு ஓடியது.

மீனைச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன். இல்லை, இல்லை என்று கண்ணாடியைத் தட்டினாள். மீன் செத்தால் மலாக்காவில் சீனன் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். அவள் சொன்னது தண்ணீருக்குள் நின்ற செடியை. ஒரு கொத்து வேலம்பாசி, நாடா போல நீண்ட ஒரு புல், அவ்வளவுதான். மூன்று முறை நட்டு மூன்று முறையும் அழுகிப்போய், நாலாவது முறைதான் பிடித்ததாம். அவள் திரும்பி வரும்போது அது உயிரோடு இருந்தால் எனக்குப் பங்களாவிலேயே வேலை. இல்லையென்றால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் பட்டியல். இதைச் சொல்லிவிட்டு இரண்டரை மாதத்துக்குக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

அது முப்பத்தொன்றாம் வருஷம். ரப்பர் விலை தரையைத் தொட்டு, நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் பெயர் வந்தால் லாரி, லாரிக்குப் பிறகு நாகப்பட்டினம் கப்பல். மற்றவர்கள் அழுதுகொண்டாவது ஊர் போய்ச் சேர்வார்கள். நானும் என் வீட்டுக்காரர் அங்கமுத்துவும் போக முடியாது. ஊரில் அவர் தெரு வேறு, என் தெரு வேறு. என் தெருவுக்குள் அவர் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. அப்படிப்பட்ட மனுசனோடு நான் கப்பலேறி ஓடி வந்து ஏழு வருஷம். என் அண்ணன்மார் இரண்டு பேரும் இன்னும் எங்களை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று போன தையில்கூட ஒரு ஆள் வந்து சொன்னான். எதற்கு விசாரிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இறங்கினால் எங்களை வெட்டிப்போடுவார்கள்.

ஆகவே அந்தச் செடியை நான் சாமி போலப் பார்த்துக்கொண்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் எங்கள் மண்டையில் அடித்து ஏற்றிய பாடம் இரண்டு. தண்ணீரைக் காய்ச்சாமல் தொடாதே, தண்ணீரைத் தேங்க விடாதே. வாசலில் பானையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றதற்காக என் பானையையே உடைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு வேலையே தேங்கின தண்ணீரைக் கொல்வதுதான். முதுகில் எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு, அல்லூர் என்று நாங்கள் சொல்கிற ஓடை நெடுக நடந்து, குட்டை குட்டையாக மருந்தெண்ணெய் தெளிப்பார். கொசுப் புழு மூச்சு முட்டிச் சாகும். அந்த நாற்றத்துக்குக் கொசு மட்டுமா, பெண்டாட்டியும் பக்கத்தில் வர மாட்டாள் என்று நான் அவரைக் கேலி செய்வேன்.

படித்த பாடத்தை அப்படியே தொட்டியில் காட்டினேன். தினமும் தண்ணீரைக் காய்ச்சி, ஆற வைத்து, வடிகட்டி ஊற்றினேன். மீன் பீயைச் சொட்டு விடாமல் எடுத்தேன். மணலை அள்ளிக் கழுவி வெயிலில் காயவைத்தேன். செடியின் ஒவ்வொரு இலையையும் ஈரத்துணியால் துடைத்தேன். தொட்டி பளிங்கு போல இருந்தது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

பதினைந்தாம் நாள் வேலம்பாசி மஞ்சளடித்தது. அப்புறம் இலை கண்ணாடிபோல ஆகி, ஓட்டை விழுந்து, தொட்டால் கையோடு கரைந்தது. பசியாக இருக்குமோ என்று, மிளகாய்ச் செடிக்குப் போடுவது போல ஒரு பிடி மாட்டுச் சாணம் கரைத்து ஊற்றினேன். மறுநாள் தண்ணீர் கறுத்து, ஹாலே நாறி, நாலு சிவப்பு மீனில் ஒன்று மல்லாந்து கிடந்தது. எல்லாவற்றையும் கொட்டி மறுபடியும் காய்ச்சின தண்ணீர் ஊற்றிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். செடிக்காக அழவில்லை. என் அண்ணன்களின் முகம்தான் கண்முன் நின்றது.

அங்கமுத்து அதிகம் பேசாதவர். அன்று இரவு என் புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழம உச்சிக்கு வா புள்ள. ஒண்ணு காட்டுறேன்" என்றார்.

"என்னத்த காட்டப் போறீங்க? கப்பலயா?"

ஞாயிற்றுக்கிழமை என்னை அல்லூரின் மேல்கோடிக்கு, ரப்பர் நிரை முடிந்து காடு தொடங்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பாறைக்குப் பின்னால் ஒரு குட்டை. இரண்டு பாய் விரிக்கிற அகலம்தான் இருக்கும். தண்ணீர் பாலில்லாத தேத்தண்ணி நிறம். மேலே உதிர்ந்த இலை மிதந்தது. இதையா காட்ட வந்தாய் மனுசா என்று வாயைத் திறந்தேன். அவர் என் தோளை அழுத்தி, முகம் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் குனியச் சொன்னார்.

குனிந்தேன். நான் இதுவரை தண்ணீரைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

உச்சி வெயில் மர இடுக்கு வழியாக நேரே உள்ளே இறங்கியிருந்தது. அடியில் ஒரு காடு இருந்தது. அதே வேலம்பாசி, ஆனால் என் கை நீளத்துக்கு, கருகருவென்று பச்சை. ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு வெள்ளிக் குமிழி. அது ஊசிமுனை அளவில் பிறந்து, பருத்து, இலையை விட்டுக் கிளம்பி மேலே வந்தது. ஒன்றல்ல இரண்டல்ல, ஆயிரம். சரம் சரமாக, ஓசையே இல்லாமல், அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தது. தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீன்கள் அதற்குள் புகுந்து புகுந்து போயின. ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. குமிழிச் சரம் மெலிந்து நின்றது. மேகம் விலகியது. மறுபடியும் புறப்பட்டது.

"மூச்சு விடுது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கை தானாகக் கூப்பிக்கொண்டது. யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அத்தனை நாளும் அது மூச்சு விடுவதை நாம் அறியாமலேயே பக்கத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோமே என்று நினைத்தேன்.

"வேர் எதுல நிக்குது பாரு" என்றார். கையை விட்டுத் துழாவினேன். கறுப்புச் சேறு, வெண்ணெய் மாதிரி. இலை மட்கி, மீன் பீ மட்கி ஊறின சேறு. அதை எவளும் கழுவவில்லை. இந்தத் தண்ணீரை எவளும் காய்ச்சவில்லை. நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சோற்றுப் பானையைத் தினமும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பிள்ளை ஏன் இளைக்கிறது என்று கேட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் இன்னொன்றும் விளங்கியது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். "இங்க நீங்க எண்ணெ அடிக்கலியா?"

"ஏழு மாசமா அடிக்கல."

"கிறுக்கா உங்களுக்கு? தங்கையா கிராணிக்குத் தெரிஞ்சா இன்னிக்கே லாரிதான்!"

அவர் இடுப்பிலிருந்து வெள்ளை எனாமல் கரண்டியை எடுத்தார். புழு பார்ப்பதற்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்தது. தண்ணீரை அள்ளிக் காட்டினார். இரண்டு தூசி, ஒரு நத்தைக் குஞ்சு. இன்னொரு தரம் அள்ளினார். புழு இல்லை. "அந்த மீனு ஒண்ணு விடாம தின்னுருது. மொத நாளு எண்ணெய எடுத்துட்டு வந்து நின்னேன். வெயில் வந்துச்சு. நீ பாத்தத நானும் பாத்தேன்" என்றார். கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, "கையி வரல புள்ள" என்றார்.

அந்த மனுசனோடு ஏன் ஓடி வந்தேன் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மண்ணெண்ணெய் டின்னில் சேற்றை அள்ளிக்கொண்டோம். துரை தோட்டம் பார்க்கவும் பங்களாவில் சமைக்கும் கோக்கி சந்தைக்கும் போன நேரத்தில் தொட்டியின் அடியில் கட்டைவிரல் உயரத்துக்குச் சேற்றைப் பரப்பி, மேலே மணலைப் போட்டு மூடினோம். தண்ணீரும் குட்டைத் தண்ணீர்தான், காய்ச்சாதது. கரைந்துபோன இலைகளை நகத்தால் கிள்ளிப்போட்டு, மிச்சமிருந்த தண்டுகளை மணலில் ஊன்றினேன். காலை வெயில் படும் ஜன்னலோரம் தொட்டியை நகர்த்தி, பத்து மணிக்கு மேல் மூங்கில் தட்டியை இறக்கிவிட்டேன். பிறகு உலகத்திலேயே கஷ்டமான வேலையைச் செய்தேன். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். துடைப்பதில்லை, கழுவுவதில்லை. குறைந்த தண்ணீரை மட்டும் மெதுவாக ஊற்றி நிரப்புவேன்.

எட்டு நாள் ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் மொட்டைத் தண்டின் கணுவில் அரிசி அளவு ஒரு துளிர். ஒரு மாதத்தில் நாடாப் புல் பக்கத்தில் பிள்ளை விட்டது. ஒரு காலை ஜன்னலைத் திறந்தேன். வெயில் விழுந்த கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு குமிழி இலையை விட்டுக் கிளம்பியது. நான் போட்ட கூச்சலில் கோக்கி கத்தியோடு ஓடி வந்தான். பாம்பு என்று நினைத்திருக்கிறான்.

துரைசானி வந்த அன்று தொட்டி நிறையக் காடு. தொப்பியைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தபடியே புருஷனைக் கூப்பிட்டாள். துரைக்குத் தமிழ் நன்றாக வரும். பின்னாலேயே தங்கையா கிராணி தாளோடு வந்து நின்றார். அது வெள்ளிக்கிழமை லாரிக்கான பட்டியல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில்தான் அவர் சொல்லியிருந்தார்: "ஒனக்குப் பங்களா வேல இருக்குலா, முனியாயி. எண்ணெ கேங்குல ஒரு ஆளுதான் இனிமே. அங்கமுத்து பேரு வெள்ளிக்கிழம கப்பலுக்குப் போயிருச்சு." துரைசானி வாக்குக் கொடுத்தது எனக்கு மட்டும்தானாம். என் வீட்டுக்காரர் தனியாகப் போய் இறங்கினால் என் அண்ணன்களுக்கு வேலை இன்னும் சுலபம்.

"நீ என்ன போட்டே இதுக்கு?" என்று துரை கேட்டார்.

"சேறுங்க தொரை."

"எந்த எடத்து சேறு? என் தோட்டத்துல எல்லாத் தண்ணியிலயும் எண்ணெ இருக்கே."

மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பத்திலிருந்து வாங்கினேன் என்று சொல்லத்தான் நாக்கைப் புரட்டினேன். அதற்குள் கிராணியின் பின்னால் வந்து வாசல்படிக்குக் கீழே நின்றிருந்த அங்கமுத்து, "மேல்கோடிக் குட்டைங்க. நான் அங்க எண்ணெ அடிக்கிறதில்லீங்க" என்றார்.

துரையின் முகம் சிவந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும். கிராணி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "காச்சல்ல ஆளு சாவுது, ஒனக்கு எண்ணெ ஊத்த வலிக்குதா?" என்று துரை கத்தினார். அவர் கத்தி முடிக்கும் வரை அங்கமுத்து நின்றார். பிறகு இடுப்பிலிருந்த கரண்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "தொரையே அள்ளிப் பாருங்க. ஒரு புழு இருந்தாலும் நான் கப்பல் ஏறுறேன்."

அல்லூர் நெடுக நாலு பேரும் நடந்தோம். துரை முன்னால், கிராணி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். குட்டைக் கரையில் துரை பூட்ஸோடு மண்டியிட்டு அள்ளினார். பத்துத் தரம். பிறகு எட்டி அந்தப் பக்கம், இந்தப் பக்கம், வேர் இடுக்கில். நான் எண்ணிக்கொண்டே வந்து முப்பதில் தப்பவிட்டேன். ஒரு புழு இல்லை. வானம் மூடிக் கிடந்ததால் குட்டையும் சும்மா கிடந்தது. கோபம் தணியாமல் எழுந்திருக்கப் போனவர்மேல் வெயில் விழுந்தது. அங்கமுத்து ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் கை காட்டினார்.

முதல் சரம் கிளம்பியது. இன்னொன்று. பிறகு குட்டை முழுக்க. துரை எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். கோயிலில் நடை திறந்ததும் ஒரு கூட்டமே வாயடைத்துப்போகுமே, அந்த மாதிரி நாலு பேரும் இருந்தோம். தங்கையா கிராணியின் கையிலிருந்த தாள் படபடத்தது. அவரும் அதைக் கவனிக்கவில்லை.

துரை எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "இந்த மீனு, இந்தச் செடி, மத்த குட்டையில விட்டா நிக்குமா?" என்று கேட்டார்.

நிற்கும் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று நான் உள்ளுக்குள் கதறினேன். என் வீட்டுக்காரர் யோசித்து, "தெரியலீங்க. விட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிராணி அங்கேயே ஒரு பாறைமேல் தாளை வைத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, ஒரு பெயரின் மேல் கோடு இழுத்தார்.

வெள்ளிக்கிழமை லாரி முப்பத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனது. நான் எங்கள் லயத்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். அவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பெரட்டில் தங்கையா கிராணி, தொட்டி எனக்கு, குட்டைகள் அங்கமுத்துவுக்கு என்று, ஆள் பெயர் பதியும் புதுச் செக்ரோலில் எங்கள் இரண்டு பேரையும் பங்களாக் கணக்கில் எழுதினார். அதுவரை நான் புல்லுவெட்டு கேங்கில், என் வீட்டுக்காரர் எண்ணெ கேங்கில், வேறு வேறு புத்தகம். எனக்கு எழுத்து தெரியாது. "எங்க பேரு எதுங்கய்யா?" என்று கேட்டேன். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரியைத் தொட்டுக் காட்டினார். எங்கள் ஊரில் இந்த இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுத ஒருத்தருக்கும் கை வந்திருக்காது. நடுவில் என் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் வைக்கக்கூட இடம் இல்லை.