ஜன்னலுக்குக் கீழே ஒரு சுவர்

"அந்த முதல் வரியை மட்டும் விட்டுடு. மிச்சத்தை அப்படியே வாசி. நான் குறுக்கே நிக்கல."

ஒரு காலில் மட்டும் காலுறையோடு கணவன் அறைக்கும் கூடத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தான். கண்ணாடி முன்னால் நின்றவள், பல்லில் கவ்வியிருந்த கொண்டை ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அவங்க எழுதினதை விடறதுக்கு நான் யாருங்க?"

"மேயரோட பி.ஏ. பொண்டாட்டி. அது போதாதா? சுவர் கட்டினது அவரு. அவர் மேடையிலேயே அவரைக் கிழிச்சா, நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட ஆபீஸுக்குப் போறது?"

சமையலறையிலிருந்து மாமியார் தலையை நீட்டினாள். "காலையிலேருந்து ஒரே பாட்டு. அந்தச் சுவரால இவ்வளவு தொல்லைன்னா, இடிச்சுப் போட்டுட்டு நிம்மதியா இருக்க வேண்டியதுதானேடா?"

"நீ உள்ளே போம்மா!"

எழுதியதற்காகச் சொந்த நாட்டில் சிறைக்குப் போய், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த பெண் எழுத்தாளருக்குப் போன வருடம் மாநகராட்சி அடைக்கலம் கொடுத்தது. வீடு, மாதப் படி, நகர நுழைவாயிலில் 'இங்கே எந்தச் சொல்லுக்கும் பூட்டு இல்லை' என்று ஒரு பெரிய பலகை. வரவேற்பெல்லாம் தடபுடலாக முடிந்த பிறகுதான், வந்தவரின் மொழி ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்பது உறைத்தது. அப்பாவின் வேலை காரணமாகச் சிறுவயதில் அந்த நாட்டில் வளர்ந்த இவள் அகப்பட்டாள்.

அன்றிலிருந்து எழுத்தாளருக்கு வாய் இவள்தான். அவரோ மனதில் பட்டதைப் போட்டு உடைக்கிற சுபாவம். "இந்த ஆளுக்கு மண்டையில ஒண்ணுமே இல்லையா?" என்று ஓர் அதிகாரியைக் கேட்டால், "சாரோட பொறுமையைப் பாராட்டறாங்க" என்பாள் இவள். எதற்கு வம்பு என்றுதான். ஊரே அவரைப் பரமசாது என்று நம்பிவிட்டது.

சாதுவின் ஜன்னலுக்கு நேர் கீழே அந்தச் சுவர் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சாக்கடை அள்ளுகிறவர்களின் குடியிருப்பு. தெருக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று மேயர் எழுப்பியது. தண்ணீர்க் குழாய் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. பெண்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து குடம் நிரப்பினார்கள். சுற்ற முடியாதவர்கள் தகர டப்பாமேல் ஏறிக் குடத்தைக் கயிற்றில் இறக்க, இந்தப் பக்கம் யாராவது பிடித்துக் கொடுத்தால் உண்டு. காவல்காரன் பார்த்தால் கயிற்றை அறுத்துவிடுவான். எழுத்தாளர் அதைத்தான் எழுதியிருந்தார். முதல் வரி இப்படி: 'நீங்கள் எனக்குக் கொடுத்த வீட்டின் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.'

அன்று மாலை, அதை வாசிக்கிற விழாவில் அரங்கம் நிரம்பி வழிந்தது. எழுத்தாளர் தம் மொழியில் ஒரு பத்தி படித்து நிறுத்தினார். அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். முன்வரிசையில் கணவன் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தான். ஒரு வரிதானே, மிச்சமெல்லாம் இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டாம் வரியிலிருந்து தொடங்கினாள். கணவன் பெருமூச்சு விட்டது மேடைவரைக்கும் தெரிந்தது.

கயிறு அறுந்து குடம் உடைகிற இடத்தில் கூட்டம் உச்சுக் கொட்டியது. ஓர் அம்மாள் விசும்பவே செய்தாள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார்.

"மனுஷனை மனுஷன் சுவர் வெச்சுப் பிரிக்கிற நாடு! அங்கேருந்து தப்பிச்சு எங்ககிட்ட வந்துட்டீங்க. இனிமே இந்த மாதிரிக் கொடுமையெல்லாம் நீங்க பார்க்கவே வேண்டாம்!"

மறுபடியும் கைதட்டல். எழுத்தாளர் அவள் பக்கம் குனிந்தார். "என்ன சொல்றாரு?"

எதையாவது பூசி மெழுகலாமா என்று பார்த்தாள், வார்த்தை வரவில்லை. மேயர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

எழுத்தாளர் கையிலிருந்த தாளின் முதல் வரியில் விரலை வைத்தார். "ஜன்னலைச் சொல்லலையா நீ?"

"இல்லக்கா."

ஊரையே திட்டுகிறவர் இவளைத் திட்டவில்லை. "எங்க ஊர்ல பக்கத்தையே கிழிச்சிடுவாங்க, தங்கச்சி. கிழிச்ச இடமாவது தெரியும்."

அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஒலிவாங்கியைப் பிடித்தாள். முன்வரிசையிலிருந்து கணவன் வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினான்.

"ஒரு வரி விட்டுப்போச்சு. விட்டுப்போகல, நான்தான் விட்டேன்" என்றாள். "முதல் வரி இது: நீங்கள் எனக்குக் கொடுத்த வீட்டின் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். அந்தக் குடம் போன வாரம் உடைஞ்சது. இங்கேதான்."

தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. விசும்பிய அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் தேடினாள். சுவர் இருக்கிற தெருவில்தான் அந்த அம்மாளின் வீடு.

அன்றிலிருந்து வீட்டில் கணவன் அம்மாவிடம் மட்டும்தான் பேசினான். "உப்பு போதலைன்னு உன் மருமககிட்ட சொல்லு." மாமியாரோ, "எனக்கு மொழிபெயர்க்கத் தெரியாதுப்பா" என்று எழுந்துபோய்விட்டாள்.

சில நாள் கழித்து மாநகராட்சி பெரிய மனதோடு ஒரு முடிவெடுத்தது. விமர்சனத்தை மதிக்கும் நகரம் இது என்று மேயர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். எழுத்தாளரின் மனவேதனையைப் போக்க, ஊரின் மறுகோடியில் காற்றோட்டமான வேறு வீடு. ஜன்னலைத் திறந்தால் பூங்கா. சாவி கொடுக்கிற அன்று படம் பிடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். மொழி தெரிந்தவர் வேறு யாரும் கிடைக்காததால் அவளையே கூப்பிட்டார்கள்.

"வீடு பிடிச்சிருக்கான்னு கேளும்மா" என்றார் மேயர்.

அவள் எழுத்தாளரிடம் கேட்டாள். பதில் வருவதற்குள் கணவன் அவள் காதருகே வந்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவளிடம் பேசினான். "ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்லிடு. கெஞ்சிக் கேக்கறேன்."

எழுத்தாளர் ஜன்னலருகே போய் வெளியே பார்த்தார். பூ பூத்திருந்தது. திரும்பி, மேயரைப் பார்த்துச் சுருக்கமாக ஏதோ சொன்னார். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் ஓர் எழுத்தும் குறைக்காமல் சொன்னாள்.

"சுவரை இடிக்காம, ஜன்னலை மாத்தறீங்களேன்னு கேக்கறாங்க."