சுண்ணாம்புச் சுவரில் சேற்றுக் கோடு

என் வீட்டுக்காரர் கதிருக்கு மரியாதை தெரியும். மரியாதை மட்டும்தான் தெரியும். அந்த மரியாதை எங்கள் எட்டுத் தறியையும் தின்றுவிடப் பார்த்தது.

சூலூரில் வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்குடோன். முன்னால் போகிற தார்ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்தியதில் குடோன் பள்ளத்துக்குள் போய்விட்டது. போன வாரம் விடியற்காலையில் கொட்டிய மழையில் ரோட்டுத் தண்ணீர் மொத்தமும் உள்ளே இறங்கி முழங்கால் அளவுக்கு நின்றது. மோட்டார்கள் மூழ்கின. தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் முழுக்கச் சேறு. படம் எடுக்கலாம் என்று குனிந்தபோது என் போனும் அந்தத் தண்ணீரிலேயே விழுந்து செத்தது. அவருடையது படம் எடுக்க வராத பட்டன் போன்.

பேங்கில் கடன் வாங்கும்போது போட்ட இன்சூரன்ஸ் ஒன்று இருந்தது. அது கைக்கு வந்தால் தறி ஓடும். வராவிட்டால் எட்டையும் பழைய இரும்புக்கடைக்கு எடை போட வேண்டியதுதான். கம்பெனிக்குப் பேசினேன். “சேதத்தைப் பாக்க ஆள் வருவாருங்க, அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க” என்றார்கள். அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, நூல் கொடுத்த முதலாளியைச் சமாதானப்படுத்தத் திருப்பூருக்குப் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் திரும்பினால் வாசலிலேயே சுண்ணாம்பு வாசம். குடோன் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. தரையைக் கழுவி, தறிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு, சுவரெல்லாம் வெள்ளையடித்திருந்தார்கள். நாறுகிறது என்று பாவு நூலைக்கூடக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

“என்னங்க பண்ணி வெச்சிருக்கறீங்க!”

“மோட்டாரக் கழட்டவே இல்ல கண்ணு. மேலாக்கத்தான் துடைச்சுப்போட்டோம்” என்றார். புருவத்தில்கூடச் சுண்ணாம்பு.

என் மாமியார் சின்னத்தாயி வாளியைக் கீழே வைத்தார். “ஆபீசர் ஊட்டுக்கு வாராரு அம்மணி. சேறும் சகதியுமா கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?”

காட்டுக் கூலிக்குப் போன காலத்தில் எந்த ஆபீசரும் அவர் வீட்டு வாசல்படி ஏறியதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டு, உடைந்த ஓடுகளையும் கழுவி அடுக்கி வைத்திருக்கிறார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சேதம் பார்க்க வந்தவர் பெயர் ரைஹான். உக்கடத்துப் பையன், மரியாதையானவர். குடோனைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஏனுங்கக்கா, தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு?”

காலைக் காட்டினேன். அவர் பளிச்சென்ற சுவரைப் பார்த்தார்.

“நான் நம்பறேனுங்க. ஆனா மோட்டார் தண்ணியில போச்சா, பழசாயிப் போச்சான்னு கம்பெனியில கேட்டா நான் எதைக் காட்டறது? பாவும் இல்லைங்கறீங்க.”

வாசலுக்கு வந்தேன். கிழக்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. என் தறிக்குடோனுக்குள் தண்ணீர் வரட்டும் என்று நானே வேண்டினேன். வெட்கக்கேடுதான். ஆனாலும் மனமார வேண்டினேன்.

“இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகோணுமுங்க” என்றேன். கதிர் என்னை வெறித்துப் பார்த்தார்.

இட்லி மாவு இருந்தது. இருந்தும் வேண்டுமென்றே, இடியாப்பம் போலப் பிழிகிற சந்தகைக்கு அரிசியை ஊற வைத்தேன். ஊறி, அரைத்து, வேகவைத்து, பிழிந்து எடுப்பதற்குள் வானம் ஒரு முடிவுக்கு வந்துவிடாதா? அரைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினேன், வாசலிலிருந்து அடுப்புக்கு ஓடினேன். நாலு தூறல் விழுந்து நின்றது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. ரைஹான் இரண்டு தரம் எழுந்தார்; இரண்டு தரமும் டீ கொடுத்து உட்கார வைத்தேன். தேங்காய்ப்பால் ஊற்றி அவர் சாப்பிட்டு முடித்தார். கையும் கழுவிவிட்டார்.

“அப்ப வாரேனுங்க” என்று அவர் வண்டிச் சாவியை எடுக்கவும், கூரைத் தகரத்தில் மழை கொட்டியது.

ரோடு நிறைந்தது. வாசல்படியைத் தாண்டிச் செம்மண் தண்ணீர் குடோனுக்குள் சலசலவென்று இறங்கியது. “பாருங்க, பாருங்க!” என்று கத்தினேன். ரைஹான் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, போனில் படம் பிடித்தார். கணுக்கால், கெண்டைக்கால், மோட்டார். வெள்ளைச் சுவரில் சேற்றுக் கோடு அச்சடித்த மாதிரி விழுந்தது. டேப் வைத்து அளந்தார். கதிர் அடித்த சுண்ணாம்பே சாட்சி சொன்னது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு நான் சிரித்தேன். கதிர் கையைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

“எப்பவுமே இப்படித்தான் வருமுங்களா?” என்றார் ரைஹான்.

“ஆமாங்க! நான் கலியாணமாகி வந்தப்ப எப்பவோ ஒருக்கா வாசல் வரைக்கும் வரும். இப்ப வருசந்தவறாம வருதுங்க. மழையும் முன்ன மாதிரி இல்லீங்க, ஒரே அடியாக் கொட்டுது. இனி இப்படித்தானுங்க!”

அவர் எழுதிக்கொண்டார். எழுதிய பிறகு பேனாவை மூடாமல் நின்றார்.

“இந்தத் தடவை கண்டிப்பா வந்துருமுங்கக்கா. நான் எழுதிட்டேன்.”

“நல்லாயிருப்பீங்க சாமி.”

“ஆனா…” என்று இழுத்தார். “எப்பவோ வர்றதுக்குத்தானுங்க இன்சூரன்ஸ். வருசா வருசம் வரும்னா, அடுத்த பாலிசியில வெள்ளத்தை எடுத்துருவாங்க. தீப்புடிச்சா மட்டும்தான் குடுப்பாங்க.”

நுணலும் தன் வாயால் கெடும். “நான் வருசந்தவறாமன்னு சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சுருங்களேன்” என்றேன்.

“நானே கண்ணுல பாத்துட்டேனுங்களே” என்றார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. மழை விட்டதும் கதிரிடமும் அத்தையிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

தண்ணீர் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. கதிர் விளக்குமாற்றோடு வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றார்.

“கழுவலாமா கண்ணு? இல்ல, அப்படியே கெடக்கட்டுமா?”

“கழுவுங்க” என்றேன். “இனி யாரு பாக்க வரப்போறாங்க.”