கவலை ஒருவருக்கு, கவனிப்பு ஒருவருக்கு

தங்கையன் வந்தாலே பொன்னுத்தாய்க்கு வயிறு எரியும். மதராஸில் ஆபீஸ் வேலை பார்க்கும் கொழுந்தன். பண்டிகைக்கு ஸ்ரீரங்கம் வந்தால், வாதத்தில் விழுந்து கிடக்கும் தாய் மாரியாயியின் கட்டிலருகே உட்கார்ந்து கண்ணைக் கசக்குவான். இப்படியொரு பிள்ளை கிடைக்குமா என்று தெருவே உச்சுக்கொட்டும். கண் காய்வதற்குள் அவனுக்குக் காபி வந்தாக வேண்டும். கழுவுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் வருஷக்கணக்காகப் பொன்னுத்தாய் தலையில்.

இந்த முறை வாய்விட்டே கேட்டுவிட்டாள். மணப்பாறையில் அவளைப் பெற்றவள் காமாலையில் கிடக்கிறாள், பிழைப்பாளோ மாட்டாளோ. லீவு போட்டு அத்தையோடு இருங்கள், நான் போய் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். தங்கையன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அம்மாவ நெனச்சாலே தூக்கம் வரல அண்ணி. டேக் கேர்," என்று பெட்டியோடு போய், வாசலில் பூட்ஸ் மாட்ட உட்கார்ந்தான்.

அப்படியென்றால் என்ன என்று புருஷனைக் கேட்டாள். ரங்கசாமி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வராத மனுஷன், இதற்கு மட்டும் குஷியாக ஆரம்பித்தார். கேர் என்றால் கவனிப்பு. கவலைக்கும் அதே வார்த்தைதான். ஆதிகாலத்து இங்கிலீஷில் அதற்குத் துக்கம், புலம்பல் என்றே அர்த்தமாம். பெற்றவள் சாகக் கிடக்கும்போது பாடம் நடத்துகிறாரே என்று அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"அவங்க ஊர்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. இந்த வீட்லதான் அதைப் பாகம் பிரிச்சிட்டீங்க. கவலை உங்க தம்பிக்கு, கவனிப்பு எனக்கு."

ரங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் ஒரு மாற்றுச் சேலையைப் பையில் திணித்துக்கொண்டு மாமியாரிடம் போனாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். பேச்சு போன மாரியாயி, அசைகிற ஒரு கையால் போ, போ என்று காட்டினாள். அதைப் பார்த்துத்தான் பொன்னுத்தாய்க்கு அழுகை வந்தது.

கட்டிலில் ஈரம். துணியை உருவினாள். நேராக வாசலுக்குப் போய்த் தங்கையன் மடியில் வைத்தாள்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லையே அண்ணி," என்றான்.

"கவலைப்படுங்க தம்பி. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே," என்று சொல்லிவிட்டு, மணப்பாறை பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கினாள்.