மொத்தச் சந்தாதாரர்

ஆம்பூரில் வெளிவரும் ‘பாலாற்றுச் சிங்கம்’ நாளிதழைக் கொஞ்ச காலமாக எவரும் வாங்குவதில்லை. செல்போன்தான் காரணம் என்று ஆசிரியர் சாந்தகுமார் மேடைக்கு மேடை முழங்கிவந்தார். சிங்கத்தில் செய்தியே இருப்பதில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னவர்கள் இப்போது வேலையில் இல்லை.

வாசகரை இழுத்துவர சத்துவாச்சாரியிலிருந்து ராஜேஷ் என்ற டிஜிட்டல் ஆலோசகர் காரில் வந்து இறங்கினார். ஜனங்களுக்குச் செய்தி வேண்டாம், அவரவர் முகம் போதும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. சந்தாதாரரின் பிறந்தநாளன்று அவர் படத்தை வாழ்த்தோடு சிங்கத்தின் பேஸ்புக் பக்கம் தானாகவே போட்டுவிடும். உடனே பைபாஸ் ஓரத்துத் தோல் பதனிடும் டேனரி ஒன்று தன் தொழிலாளர்கள் அத்தனை பேர் பெயரிலும் மொத்தமாகச் சந்தா கட்டியது. தொழிலாளர்களை யாரும் கேட்கவில்லை. படமும் பிறந்த தேதியும் கம்பெனி ஆபீஸிலிருந்தே போய்ச் சேர்ந்தன. சாந்தகுமார் ‘வாசகர் புரட்சி’ என்று தலையங்கம் தீட்டினார்.

அந்த டேனரியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஜோசுவா விஷவாயு தாக்கி இறந்துபோனார். சிங்கத்தின் நிருபர் கேத்தரின், ஜோசுவாவோடு வேலை பார்த்தவர்களை விசாரித்துச் செய்தி எழுதிவந்தார். சாந்தகுமார் படித்தார், பெருமூச்சு விட்டார், மொத்தச் சந்தாதாரர் மனம் நோகக் கூடாது என்றார். ஆள் கம்பெனி கேட்டுக்கு வெளியே மயங்கி விழுந்ததாக நிர்வாகம் சொல்கிறதாம். சந்தேகம் வந்தால் சிங்கம் மௌனம் காக்குமாம்.

மறுநாள் ஜோசுவாவின் பிறந்தநாள். உடல் பிணவறையில் கிடக்க, படம் பேஸ்புக்கில் வந்தது. சுற்றிலும் பலூன்கள். ‘நூறாண்டு வாழ்க! வாழ்த்தி மகிழ்வது: நிர்வாகம்.’

இதுவரை எந்தப் பதிவையும் இத்தனை பேர் பார்த்ததில்லை என்று ராஜேஷ் பூரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜோசுவாவின் மனைவி மெர்சி ஆபீஸுக்குள் வந்தார்.

“வாழ்த்தை எடுக்கச் சொல்லி வரல சார். கேட்டுக்கு வெளிய செத்தாருன்னு எழுதி போலீஸ் ஸ்டேஷன்ல என்கிட்ட கையெழுத்து கேக்கறாங்க. உள்ள, தொட்டியிலதான் செத்தாருன்னு பேப்பர்ல ஒரு வரி போடுங்க.”

சட்டச் சிக்கல் என்றார் சாந்தகுமார். வேண்டுமானால் கண்ணீர் அஞ்சலியைக் கலரில் இலவசமாகவே போடுவதாகக் கருணை காட்டினார்.

“கலர்ல இன்னா போடுவீங்க? இன்னும் நாலு பலூனா?”

கேத்தரின் தன் மேஜைக்குப் போனார். வாழ்த்தை நீக்கிவிட்டு, சிங்கத்தின் பக்கத்திலேயே தன் செய்தியைப் போட்டார். சாயங்காலத்துக்குள் அது திருப்பத்தூர் வரை போன் போனாகப் போய்விட்டது.

டேனரி மேனேஜர் கத்தினார். பேஸ்புக்கில் நீக்கினால் மட்டும் போதாது. நாளைக் காலை பேப்பரில், முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் மன்னிப்பு வர வேண்டும், இல்லையென்றால் மொத்தச் சந்தாவும் ரத்து. மன்னிப்பை எழுதச் சொல்லி சாந்தகுமார் கேத்தரினைக் கூப்பிட்டார்.

“யாருக்கு சார் மன்னிப்பு? மெர்சிக்கா?” என்று கேட்டுவிட்டு, கேத்தரின் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அவர் போனபின், ஆசிரியர் எழுதுவதைத் திருத்த அங்கே ஆளில்லை. தமக்கே உரிய கம்பீர நடையில் சாந்தகுமார் எழுதினார். காலையில் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வந்தது:

‘டேனரியின் உள்ளே, கழிவுநீர்த் தொட்டியில் இறக்கிவிடப்பட்ட தொழிலாளி ஜோசுவா விஷவாயு தாக்கி அங்கேயே உயிரிழந்த செய்தி எமது பக்கத்தில் வெளியானமைக்கும், அதனால் எமது பெருமதிப்பிற்குரிய சந்தாதாரரின் திருவுள்ளம் புண்பட்டமைக்கும் சிரம் தாழ்த்தி வருந்துகிறோம்.’

செய்தி தவறு என்று சொல்ல மட்டும் மறந்துபோனார்.

மெர்சி பஸ் ஸ்டாண்டுக் கடையில் காசு கொடுத்து அதை வாங்கினார். கேத்தரினோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். கையெழுத்துக்காகக் காகிதத்தை நீட்டிய எஸ்.ஐ. முன்னால் பேப்பரை விரித்தார்.

“கம்பெனியே கேட்டுப் போட வெச்சது சார். பொய்னு இதுல எங்கயாவது போட்டிருக்கா, காட்டுங்க.”