சிவப்பு நூல் கரண்டி

கரண்டிக்கு நூல் கட்டணும்னு தம்பி பொண்டாட்டி எங்க கடைக் கூட்டத்துல சொன்னப்ப முதல்ல சிரிச்சது நான்தான். "கரண்டிக்குச் சட்டையும் தைச்சுப் போட்டுடவா?"ன்னு கேட்டேன். தையல்காரி இல்லையா, வாய் சும்மா இருக்குமா! எல்லாரும் சிரிச்சாங்க. அவ மட்டும் சிரிக்கல.

அவ பொண்ணுக்கு நாலு வயசு. வேர்க்கடலை ஆகாது. போன வருஷம் ஒரு பிஸ்கட்டுல இருந்த துளி தூளுக்கே தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, மூணு நாள் ஆஸ்பத்திரியில கிடந்துச்சு. அதெல்லாம் தெரிஞ்சும்தான் சிரிச்சேன்.

நூறு குடும்பம் சேர்ந்து திறந்த இயற்கைக் கடை எங்களோடது. முதலாளியும் நாங்கதான், வேலையாளும் நாங்கதான். பாக்கெட்டே கிடையாது. பெரிய பெரிய பெட்டியில மாவும் பருப்பும் இருக்கும், வீட்டுல இருந்து கொண்டுபோற டப்பாவுல நாமே அள்ளிக்கணும். பெட்டிக்கு ஒரு கரண்டி, கரண்டிக்கு ஒரு நிறத்துல நூல். வேர்க்கடலைப் பொடிக்குச் சிவப்பு. நேத்து பெட்டிகளை நிரப்பினது என் முறை.

இன்னிக்குக் காலையில கடை திறந்து ஒரு மணி நேரம் கழிச்சுப் பெருமையா வேடிக்கை பார்க்கப் போனேன். புது மரப் பலகை வாசனை, கூடை கூடையா காய்கறி, ஒரே கூட்டம். கல்லாவுல எங்க தெரு கணக்கு வாத்தியார்.

"உங்க தம்பி வீட்டுல முதல் ஆளா வந்து ஓட்ஸ் மாவு வாங்கிட்டுப் போனாங்க. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சணுமாம்"னார்.

நானும் கொஞ்சம் எடுத்துக்கலாம்னு அந்தப் பெட்டிகிட்ட போய் மூடியைத் தூக்கினேன். உள்ளே கரண்டி. அதுல சிவப்பு நூல்.

நேத்து கடலைப் பொடியை நிரப்பிட்டு இருக்கிறப்பதான் போன் வந்துச்சு. கால்சட்டை நீளம் கூடிப்போச்சுன்னு ஒருத்தர் கத்த, நான் பதிலுக்குக் கத்த, கையில இருந்த கரண்டியைப் பக்கத்துப் பெட்டியில சொருகிட்டேன். பொடி ஒட்டின கரண்டி. பாவி, நான் பாவி!

திரும்பினா பின்னாடி கண்ணாடி ஜாடியோட ஒருத்தர், இடுப்புல கைக்குழந்தை. வழி விடாம நின்னார். "நீங்க எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க"ன்னு அவரை ஒதுக்கிட்டு வெளியே பாய்ஞ்சேன்.

தம்பி பொண்டாட்டிக்குப் போன் போட்டேன். அடிக்குது, எடுக்கல. மூணு தெரு. செருப்பு ஒண்ணு எங்கேயோ கழண்டு போச்சு. ஐயோ, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாது, எனக்கு என்ன வேணா ஆகட்டும்னு வாய்விட்டே புலம்பிட்டு ஓடினேன். அவங்க வீட்டுக் கதவைத் தோளால இடிச்சுத் திறந்தேன்.

மேசையில கிண்ணம். பிள்ளை ஸ்பூனை வாய்கிட்ட கொண்டு போயிருந்துச்சு. ஓங்கி ஒரே தட்டு தட்டிவிட்டேன். ஸ்பூன் சுவத்துல மோதி விழுந்துச்சு, கஞ்சி என் முகமெல்லாம் தெறிச்சுது. பிள்ளை வீறிட்டு அழுதுச்சு.

"அத்தை அடிச்சுட்டா!"

"சாப்பிட்டியாடி? ஒரு வாயாவது சாப்பிட்டியா?"

"சூடுன்னு ஆறவச்சிருந்தேன், இன்னும் வாயிலயே வைக்கல. என்ன அண்ணி, என்ன ஆச்சு?" தம்பி பொண்டாட்டி அடுப்படியில இருந்து ஓடி வந்தா.

சொன்னேன். எதையும் மறைக்கல. திட்டுவா, கன்னத்துல ஒண்ணு வைப்பான்னு நின்னேன். வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ பிள்ளையை அள்ளி நெஞ்சோட வச்சுக்கிட்டு, உதட்டையும் நாக்கையும் திரும்பத் திரும்பப் பார்த்தா. ஒண்ணும் இல்ல. நான் தரையிலயே உட்கார்ந்துட்டேன்.

அப்பதான் அவ மெதுவா கேட்டா.

"அண்ணி, அந்தப் பெட்டியை மூடி, யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானே வந்தீங்க?"

கண்ணாடி ஜாடி கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. இடுப்புல இருந்த கைக்குழந்தையும். எடுத்துக்குங்கன்னு சொன்னதே நான்தான்.