வீட்டுக்குப் பின்னால் கூவிய தவளை

விடியற்காலையில் வீட்டுக்குப் பின்னால் மழைத்தவளை கூவியதும் கெபோன்யேவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மழை வாசம் அடிக்காமல் அது மண்ணுக்குள்ளிருந்து வாய் திறக்காது; ஊரே அதை நம்பித்தான் விதைக்கும். பேரப்பிள்ளைகள் பசி பசி என்று அழுதபோதும் தொடாமல் காத்த விதைச்சோளத்தை அன்றைக்கே காட்டில் தூவிவிட்டு வந்தாள். பானையில் ஒரு மணிகூட மிச்சமில்லை.

மூன்று நாளாக வானம் வெளுத்தே கிடந்தது. விதையைப் பாதி எறும்பு இழுத்துக்கொண்டு போனது, மீதியைப் புறா பொறுக்கியது. பாழாய்ப்போன தவளை மட்டும் நான்காம் நாளும் கூவியது. கெபோன்யே மண்வெட்டியோடு போய் ஒரு சாண் தோண்டினாள். மண் சில்லென்றிருந்தது. உள்ளே ஒரு குட்டி உருண்டை, கோபித்துக்கொண்ட கிழவன் மூஞ்சியோடு உப்பிக்கொண்டிருந்தது.

அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் மருமகள் பொனோலோவுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்த பிள்ளையைப் புதைத்திருந்தார்கள். அது இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

பின்னால் வந்து நின்ற மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த ஈரம் ஏதுடி?"

"நான்தான் ஊத்துனேன் அத்தே. எனக்குக் குடிக்கக் கெடைக்குற பங்குத் தண்ணி." பொனோலோவின் உதடு வெடித்திருந்தது. "கலைஞ்ச பிள்ள மேல மண்ணு சூடேறுனா மழை ஓடிப்போயிடும்னு ஊருல சொல்வாங்கல்ல? ஊரே என்னயத்தான் கைகாட்டும்."

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. விதை போச்சு. இனி யாரை அடித்து என்ன?

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு மொசிடியின் குரல் வந்தது. "அக்கா! உங்க வீட்டுத் தவளை இன்னிக்கும் கூவுதே! அஞ்சு பிள்ளைங்க வாயக் கட்டி வச்ச விதை. போட்டுரட்டுமா?"

பேசாமல் இருந்தால் அந்த வீட்டிலும் பானை காலி. உண்மையைச் சொன்னால் மருமகள் ஊரில் உயிரோடு இருக்க முடியாது. பொனோலோ மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடாதடி மொசிடி! மழையுமில்ல ஒண்ணுமில்ல. அங்க தண்ணி ஊத்துனது நான்தான். தெனமும் தலைக்குக் குளிச்சேன். அந்த ஈரத்துக்குத்தான் தவளை கூவுது."

"குளிச்சியா? பிள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குறப்போ, உனக்குத் தலைக்குளியல் கேக்குதா? வெக்கங்கெட்ட கெழவி! இரு, ஊரு பூரா சொல்றேன். இனிமே குழாயடிப் பக்கம் வா, பாத்துக்கறேன்!"

கெபோன்யே தவளையின் மேல் மண்ணைத் தள்ளி மூடினாள். புழுதி அப்பிய முடி வெளியே தெரியாதபடி தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் பங்குத் தண்ணீர் இருந்த குவளையை மருமகளிடம் நீட்டினாள்.

"இத நீ குடி. பிள்ளைக்கு இனிமே நான் ஊத்துறேன்."