ஆதிலட்சுமி வீட்டு மயில்

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் பொறாமைதான். கூட வேலை பார்க்கிற ஒருவர் குடும்பத்தோடு தீவுப் பக்கம் ஏதோ கடலோர ஊருக்குப் போய், துடுப்புப் படகு, டால்பின், தண்ணீருக்கடியில் கலர் மீன் என்று தினமும் ஸ்டேட்டஸ் வைத்தார். நெய்வேலி மே மாத வெயிலில் ஷிப்ட் முடிந்து வந்து, ஒன்று விடாமல் பார்த்தேன். ஒன்றுக்கும் லைக் போடவில்லை. அந்த எரிச்சலைத் தூக்கி மலர்கொடி தலையில் வைத்துவிட்டேன். பாவம், அவள்.

2.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "மலர்கொடிக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரி—"

வேண்டாம். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மறுபடியும். மலர்கொடியும் ஆதிலட்சுமியும் ஒரே பிளாக்கில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். இரண்டு வீட்டுக்காரர்களும் சுரங்கத்தில் பர்மனென்ட். ஆதிலட்சுமி வீட்டில் லீவு என்றால் கடல், மலை. மலர்கொடியின் வீட்டுக்காரன் மணிமாறனுக்கு லீவு என்றால் குறிஞ்சிப்பாடி. அங்கே வயல் இருக்கிறது. [நடவுக்கு ஒரு லீவு, அறுப்புக்கு ஒரு லீவு. மலர்கொடி பார்த்த தண்ணீரெல்லாம் வரப்புக்குள் நின்ற தண்ணீர்தான்.]

ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பதும், அவர்கள் செடிக்குத் தண்ணீர் விடுவதும் இங்கே வழக்கம். ஆதிலட்சுமியும் கொடுத்தாள்.

"மல்லிய மட்டும் பாத்துக்கடி மலரு. மத்தது காஞ்சாலும் பரவால்ல."

"நீ போய்ட்டு வாக்கா. மீனெல்லாம் உன்னப் பாத்து பயந்துடப் போவுது."

3.

மறுநாள் ஹோஸைத் திறந்ததும் மல்லிப் புதருக்கு அடியிலிருந்து ஒரு பெண்மயில் அலறிக்கொண்டு மதில்மேல் பாய்ந்தது. காய்ந்த சருகில் நாலு முட்டை. மலர்கொடி ஹோஸை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். மயில் திரும்பி வந்து உட்காரும் வரைக்கும் தன் சமையலறை ஜன்னலைவிட்டு நகரவில்லை. அடுப்பில் பால் பொங்கி ஊற்றியதுகூடத் தெரியவில்லை.

அன்றிலிருந்து மல்லிக்குத் தண்ணீர் இல்லை.

[இந்த இடத்தில் 'நல்ல மனசு' என்று எழுதி, அடித்துவிட்டேன். மயில் காலையில் இரை தேடப் போகிற நேரத்தில் ஒரு குடம் ஊற்றியிருக்கலாம். அந்த நேரத்தில் மலர்கொடி ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.]

ஆதிலட்சுமி தினமும் போன் பண்ணினாள்.

"இன்னிக்கு டால்பின் பாத்தேன்டி! படகு கூடவே வந்துது. அங்க இன்னா விசேஷம்?"

"இங்க இன்னா இருக்குது? வெயிலுதான்."

மயிலைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று மணிமாறன் கேட்டான்.

"சொன்னா நாளைக்கே அவ ஸ்டேட்டஸ்ல வந்துடும். எங்க வூட்டு மயிலுன்னு போட்டுக்குவா."

"அவங்க வூட்லதான இருக்குது?"

"நான்தான பாத்துகினு இருக்கேன்!"

மணிமாறன் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.

4.

முடிவு ஒன்று: திடீரென்று ஒரு கோடை மழை. மல்லி துளிர்த்து— அக்னி நட்சத்திரத்தில், நான் கேட்டதும் மழையா? அடித்தாயிற்று.

முடிவு இரண்டு: முட்டை பொரிகிறது, தோழிகள் இருவரும் கட்டிக்கொண்டு அழு— சீ.

சரி, ஆதிலட்சுமி திரும்பி வந்தாள். மூக்கெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. மலர்கொடிக்கென்று சிப்பி மாலை வாங்கி வந்திருந்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டைத் திறந்தவள், அப்படியே நின்றாள். சாவியைக் கொடுக்க மலர்கொடி பின்னாலேயே வந்திருந்தாள். மல்லி தென்னந்துடைப்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"மலரு... நான் ஊருக்குப் போனது உனக்கு அவ்ளோ எரியுதாடி?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் மலர்கொடியைக் குத்தியது.

புதருக்கு அடியில், சருகோடு சருகாக, மயில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆதிலட்சுமி கண்ணில் அது படவில்லை. மலர்கொடி ஒரு விரலை நீட்டிக் காட்டினால் போதும், பழி போய்விடும். ஆனால் ஆதிலட்சுமி செத்த செடியைப் படம் பிடித்து பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் போட மொபைலை எடுத்துவிட்டாள். கேமரா திறந்திருந்தது.

மலர்கொடியின் கை பாதி தூரம் எழுந்தது.

5.

அந்தக் கையோடுதான் இந்த வாரம் முழுக்க மல்லுக்கட்டுகிறேன். நான் எழுதினால் கீழே இறக்கிவிடுவேன்; நான் இன்னும் அந்தக் கடல் படங்களுக்கு லைக் போடவில்லை. அதனால் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கையைத் தூக்கிக் காட்டவைப்பதாக இருந்தால், ஒன்றே ஒன்று: இருவரையும் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். முட்டை இன்னும் பொரியவில்லை.